மிதக்கும் காற்றாலை டவர் கோர்ஸ்: எட்டு ஞாயிறு, 14,500 ரூபாய், நடுவில் ஒரு பூட்டிய ஷட்டர்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 14,500 ரூபாய், எட்டு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரையிலிருந்து நாலு மணி வரை, ஓசூரில் ஒரு மாடி ஹாலில். மதியச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு, டீ நம் பொறுப்பு. பாடம், கடலில் மிதக்கும் காற்றாலைக்கு நீண்ட நாள் தாங்குகிற டவரை எப்படி டிசைன் செய்வது என்பது. நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. கீழே கொஞ்சம் திட்டியிருக்கிறேன், பெயர் போட்டுச் சண்டை வளர்க்க எனக்கு நேரமில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். ஒன்றரையை ஏன் பிடித்தம் செய்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம், அவசரக்காரர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம்.

கிருஷ்ணகிரிக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் எனக்கு ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் ஷாப், ஏழு பேர் வேலை செய்கிறார்கள். மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு டேங்க், பிளாட்பாரம், ஏணி. மாம்பழ சீசன் முடிந்தால் தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு, ஷெட்டு. போன வருஷம் ஒரு பார்ட்டி காற்றாலை டவருக்குள் வைக்கிற ஏணி, பிளாட்பாரம், கேபிள் பிராக்கெட் எல்லாம் செய்து தர முடியுமா என்று டிராயிங் அனுப்பினார். பார்த்தால் நம் வேலைதான், ஏணி ஏணிதானே. ஆனால் ஒரு மூலையில் ஒரு குறிப்பு: டவர் ஷெல்லில், அதாவது டவரின் இரும்புக் கூட்டில், எங்கேயும் புதிதாக வெல்டு வைக்கக் கூடாது. பிராக்கெட் எல்லாம் டவர் துண்டுகளைச் சேர்க்கிற ஃப்ளேஞ்ச் வளையத்தின் போல்ட்டிலிருந்து தொங்க வேண்டும், இல்லாவிட்டால் காந்தத்தில் ஒட்ட வேண்டும். முப்பது நாற்பது மில்லிமீட்டர் தடிமன் பிளேட்டில் ஒரு விரல் நீளப் பற்றவைப்பு என்ன செய்துவிடும்? போன் போட்டுக் கேட்டேன். "அது அப்படித்தாங்க" என்றார். அந்த 'ஏன்' மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. கோர்ஸ் விளம்பரத்தில் 'வெல்டு, ஃபட்டிக், ஆயுள்' என்று மூன்று வார்த்தையைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டேன். ஃபட்டிக் என்றால் சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கி இரும்பு களைத்து விரிசல் விடுவது.

மொத்தம் பதினாலு பேர். ஓசூர் கம்பெனிகளில் டிசைன் வேலை பார்க்கும் பசங்க ஏழெட்டு, பர்கூர் இன்ஜினியரிங் காலேஜிலிருந்து இரண்டு பேர், தர்மபுரியிலிருந்து பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் ஒரு அக்கா, அப்புறம் நான். டிப்ளமோக்காரன் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் அறிமுகம். மோசமில்லை, ஆனால் ஒரே நாளில் முடித்திருக்கலாம். கடல் ஆழம் ஏறக்குறைய 60 மீட்டரைத் தாண்டினால் தரையில் ஊன்றுவது கட்டுப்படியாகாது, மிதக்கவிட்டு நங்கூரம் போடுவதுதான் வழி. 2009-ல் நார்வே கடலில் ஹைவிண்ட் என்று 2.3 மெகாவாட்டில் ஒன்றை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். 2017-ல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் ஊருக்கு எதிரே கடலில் 6 மெகாவாட் வீதம் ஐந்தை நிறுத்தினார்கள், மிதக்கும் காற்றாலைப் பண்ணை என்று உலகத்தில் முதலில் வந்தது அதுதான். 2024-ல் பெரிய பழுதுபார்ப்புக்காக அந்த ஐந்தையும் நார்வேக்கு இழுத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தப் படத்தைக் காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது, டவரோடு சேர்த்து மொத்தத்தையும் தேர் மாதிரி இழுத்துக்கொண்டு போகிறார்கள். நம் பக்கக் கதையையும் சொன்னார்கள். குஜராத், தமிழ்நாடு கடலில் தலா 500 மெகாவாட்டுக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அது தரையில் ஊன்றுகிற வகைக்குத்தான். ஆக, இந்தக் கோர்ஸை முடித்த கையோடு தூத்துக்குடியில் ஆர்டர் கிடைக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

மூன்றாவது வாரம்தான் கோர்ஸே ஆரம்பம். அன்றைக்கு வந்தவர் ரிடையர் ஆன ஒரு இன்ஜினியர், எல்லோரும் பெரியவர் என்றே கூப்பிட்டோம். ஸ்லைடு ஒன்றும் போடவில்லை. துணி ஊறவைக்கிற நீல டப்பில் தண்ணீர், ஒரு பெஞ்ச் வைஸ், ஒரு ஹேக்ஸா பிளேடு. பிளேடின் நுனியில் இரண்டு நட்டைக் கட்டி, அடியை வைஸில் இறுக்கி, சுண்டிவிட்டார். காலேஜ் பையன் போனில் ஸ்லோமோஷன் எடுத்து எண்ணினான், விநாடிக்கு மூன்று ஆட்டம். அப்புறம் அதே பிளேடை ஒரு கெட்டித் தெர்மாகோல் துண்டில் செருகினார். துண்டுக்கு அடியில் ஒரு கம்பி, அதன் முனையில் எடைக்கு நாலைந்து நட்டு. அதை டப்பில் விட்டார், செங்குத்தாக நின்றது. "இப்ப சுண்டினா வேகம் கூடுமா குறையுமா?" என்றார். நான் உட்படப் பதினோரு பேர் குறையும் என்று கை தூக்கினோம். தண்ணீரில் மெத்தென்றுதானே ஆடும்?

எண்ணிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஐந்து.

அந்த அக்கா நம்பவே இல்லை, மறுபடி சுண்டச் சொன்னார். அதே ஐந்து. காரணத்தைப் பெரியவர் பிளேடைக் கையில் பிடித்தே காட்டினார். வைஸில் இருக்கும்போது அடி அசையாது, பிளேடு முழு நீளத்துக்கும் வளைகிறது. தண்ணீரில் நுனி இந்தப் பக்கம் போனால் அடி அந்தப் பக்கம் போகிறது, நடுவில் எங்கேயோ ஒரு இடம் அசையாமல் நிற்கிறது. ஆடுகிற நீளம் குறைந்துபோன மாதிரி, குட்டைப் பிளேடு வேகமாகத்தான் துடிக்கும். கூடவே மிதவை முழுசாகச் சாய்ந்து நிமிர்கிற மெதுவான ஆட்டம் ஒன்றும் இருக்கிறது, நிஜக் கடலில் அது முப்பது விநாடிக்கு ஒரு தடவை என்கிற கணக்கு. நாங்கள் கை தூக்கியது அந்த ஆட்டத்தை நினைத்து. டவரின் உயிரை எடுப்பது வேகமானது.

இதில் என்ன ஆபத்து என்று போர்டில் போட்டார். சர்வதேச எரிசக்தி முகமையின் காற்றாற்றல் குழு எல்லோரும் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும் என்று ஒரு 15 மெகாவாட் மாதிரி டர்பைனைப் பொதுவில் கொடுத்திருக்கிறது. விசிறி வட்டம் 240 மீட்டர், அச்சு 150 மீட்டர் உயரத்தில், நிமிஷத்துக்கு 5 முதல் 7.56 சுற்று. மூன்று இறக்கை என்பதால் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை டவரைக் காற்று தட்டுகிறது, அதைத்தான் 3பி என்கிறார்கள். கணக்குப் போட்டால் விநாடிக்கு 0.25 முதல் 0.378 வரை. டவரின் சொந்தத் துடிப்பு அந்த இடைவெளிக்குள் வந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி ஒவ்வொரு தட்டும் சேர்ந்துகொண்டே போகும். கடல் தரையில் ஊன்றிய ஒரே தூண் மேல் நிற்கிற டவருக்குத் துடிப்பு 0.17, விசிறி சுழலும் வேகத்துக்கும் 3பிக்கும் நடுவில் பத்திரமாக இருக்கிறது. அதே டவரைத் தூக்கி மிதவையில் வைத்தால் துடிப்பு ஏறி நேராக அந்த வம்பு இடத்தை நோக்கிப் போகும். அதனால் அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தின் மிதவைக்கு டிசைன் செய்தபோது டவரைத் தடிமனாக்கி, 3பியைத் தாண்டி 0.496-க்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

விலை? ஊன்றிய டவர் 860 டன், மிதவை டவர் 1,263 டன். 403 டன் இரும்பு கூடுதல். நம் ஊர்க் கணக்கில் பிளேட் கிலோ 60 ரூபாய் என்று வைத்தாலே, வெட்டுக் கூலி, ரோலிங், வெல்டிங் எதுவும் சேர்க்காமல், ஒரு டவருக்கு 2 கோடியே 40 லட்சம். நான் ஒரு கிலோ பிளேட் மிச்சம் பிடிக்க நெஸ்டிங்கில், அதாவது வெட்டும் துண்டுகளைப் பிளேட்டில் நெருக்கி அடுக்குவதில், மண்டையை உடைத்துக்கொள்கிறவன், போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஒரு நாளுக்கே பத்தாயிரம் கொடுக்கலாம், பொய் சொல்லவில்லை.

மத்தியானம் பெரியவரிடம் ஒகேனக்கல் பரிசலைப் பற்றிச் சொன்னேன். பரிசலில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை, செல்ஃபி எடுக்க ஒருத்தன் எழுந்து நின்றால் பரிசல்காரர் துடுப்பாலேயே தட்டி உட்கார வைப்பார். சிரித்துவிட்டு, சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் பேனாவில் கணக்கே போட்டார். உச்சியில் இருக்கிற ஜெனரேட்டர், இறக்கை எல்லாம் சேர்ந்து சுமார் 1,000 டன். மிதவை 5 டிகிரி சாய்ந்தால் அதில் 87 டன் பக்கவாட்டில் இழுக்கிறது, நூற்றைம்பது மீட்டர் உயரத்திலிருந்து. தரை டவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. காற்று இல்லாத நாளிலும், வெறும் அலையிலேயே இதற்கு வேலை இருக்கிறது. பத்து விநாடிக்கு ஒரு அலை என்றால் 25 வருஷத்தில் ஏறக்குறைய எட்டுக் கோடி அலை. 3பி தட்டு, முழு வேகத்தில் விடாமல் சுற்றினால் முப்பது கோடி.

நாலாவது வாரமும் அவரே. இறக்கையைத் திருப்பும் கன்ட்ரோலர் எப்படி டவரையே கெடுக்கும் என்ற பாடம். காற்று பலமாக அடிக்கும்போது, கூடுதல் காற்று பட்டால் இறக்கையைத் திருப்பித் தள்ளுவிசையைக் குறைப்பதுதான் கன்ட்ரோலரின் வேலை. மிதவை காற்றைப் பார்த்து முன்னால் சாயும்போது இறக்கைக்குக் காற்று கூடிய மாதிரித் தெரியும், உடனே தள்ளுவிசையைக் குறைக்கும், தடுக்க வேண்டிய நேரத்தில் கையை எடுத்துவிட்டதால் இன்னும் முன்னால் சாயும். பின்னால் போகும்போது நேர் எதிர். ஆட்டம் அடங்காமல் வளரும். தீர்வு என்னவென்றால், மிதவையின் ஆட்டத்தைவிட மெதுவாக எதிர்வினை காட்டுகிற மாதிரி கன்ட்ரோலரை மந்தமாக்குவது. கணக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. டவரைத் தனியாக டிசைன் செய்ய முடியாது, மிதவைக்காரன், கன்ட்ரோல்காரன், டவர்காரன் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

ஐந்தாவது வாரம் விடிகாலை பஸ் பிடித்துப் போய் இறங்கினால் ஷட்டர் பூட்டியிருக்கிறது. ஒரு மெசேஜ் இல்லை. தர்மபுரி அக்கா அதற்கு முந்தைய பஸ்ஸிலேயே கிளம்பி வந்திருந்தார், அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. போன் செய்தால், "வாட்ஸ்அப் குரூப்ல போட்டேனே" என்கிறார் ஆபீஸ் தம்பி. போட்டிருந்தது போன பேட்ச் குரூப்பில். நேரில் ஒரு சாரி கூட வரவில்லை, ஒரு வாரம் தள்ளிப்போனதுதான் மிச்சம். இங்கே அரை மார்க் போச்சு.

ஆறாவது வாரம், நான் எதற்குச் சேர்ந்தேனோ அந்த வெல்டும் ஃபட்டிக்கும். பெரியவர் வரவில்லை. வேறொரு தம்பி வந்தார், நல்ல பையன்தான், ஆனால் ஸ்லைடைப் படிக்கிறார். எந்தெந்த கோட் (டிசைன் விதிநூல்), எந்த டேபிள் என்று நாற்பது நிமிஷத்தில் ஓட்டிவிட்டு, மீதி நேரத்துக்கு எக்செல் ஷீட்டைத் திறந்துவிட்டார். பத்து சதவீதம் ஸ்ட்ரெஸ், அதாவது இரும்புக்குள் ஓடுகிற விசை, கூடினால் சேதம் 33 சதவீதம் கூடும் என்று ஒரு வரி வந்தது, 1.1-ஐ மூன்று தடவை போட்டுப் பெருக்குகிற கணக்கு. அதில் நின்று ஒரு மணி நேரம் பேசியிருக்க வேண்டும். நான் எழுந்து என் கேள்வியைக் கேட்டேன், ஷெல்லில் ஒரு பிராக்கெட் வெல்டு வைத்தால் என்ன? "கோட்ல அலோ பண்ண மாட்டாங்க சார்" என்றார். இதே பதிலை ஓசியில் போனிலேயே கேட்டிருந்தேனே. ஒரு மார்க் இங்கே போச்சு, அதுவும் மனசு வலித்துத்தான்.

பதில் ஏழாவது வாரம் கிடைத்தது, அதுவும் டீக்கடையில். பெரியவரைப் பிடித்துக் கேட்டேன். ஐரோப்பிய டிசைன் விதிநூலான யூரோகோடின் டேபிளை எழுதச் சொன்னார்: இரண்டு பக்கமும் ஒழுங்காகப் போட்ட சுற்று வெல்டு ஜாயிண்ட் 90-ஆம் வகுப்பு, அதாவது 20 லட்சம் தடவை 90 மெகாபாஸ்கல் ஸ்ட்ரெஸ் ஏறி இறங்கினால் தாங்குகிற தரம். அதே ஷெல்லில் 100 மில்லிமீட்டரைவிட நீளமான ஒரு பட்டையை நெடுக்காக ஒட்ட வைத்தால் அந்த இடம் 56-ஆம் வகுப்புக்கு இறங்கிவிடும். தொண்ணூறை ஐம்பத்தாறால் வகுத்து, வருகிற எண்ணை மூன்று தடவை போட்டுப் பெருக்கிப் பாருங்கள், நாலுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆயுள் கால்வாசி. பட்டை எந்தச் சுமையையும் தாங்க வேண்டாம், சும்மா ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும். ஷெல்லில் ஓடுகிற விசை அந்தப் பட்டையின் முனையில், வெல்டின் ஓரத்தில் போய்க் குவிகிறது, அங்கே கண்ணுக்குத் தெரியாத அண்டர்கட் (வெல்டு ஓரத்துப் பள்ளம்) ஒன்று காத்துக்கொண்டிருக்கும். சரி, பலமான ஸ்டீல் போட்டுவிடலாமே என்றேன். வெல்டு போட்டபடியே விட்ட ஜாயிண்டுக்கு எஸ்355 என்கிற வழக்கமான ஸ்டீல் போட்டாலும் அதைவிட இரண்டு மடங்கு பலமான ஸ்டீல் போட்டாலும் வகுப்பு அதே வகுப்புதான் என்றார். இருபது வருஷமாக இரும்போடு இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

அப்புறம் அந்தக் கதையைச் சொன்னார். 1980 மார்ச் 27, வடகடலில் அலெக்ஸாண்டர் கீலாந்து என்ற மிதக்கும் மேடை, எண்ணெய்க் கிணற்று ஆட்கள் தங்குவதற்கானது, ஐந்து கால். புயலில் ஒரு கால் பிய்த்துக்கொண்டு போய், கொஞ்ச நேரத்தில் கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் இறந்துபோனார்கள். விசாரித்துப் பார்த்தால், காலைத் தாங்கிய குறுக்குக் குழாய் ஒன்றில் ஒலிக் கருவி பொருத்த ஒரு சின்னத் தகட்டை வெல்டு செய்திருக்கிறார்கள். 6 மில்லிமீட்டர் ஃபில்லெட், அதாவது மூலையில் போடுகிற வெல்டு. விரிசல் அங்கிருந்து கிளம்பிக் குழாயைச் சுற்றி வந்திருக்கிறது. நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். தினம் எங்கள் ஷாப்பில் எத்தனை 6 மில்லிமீட்டர் ஃபில்லெட் போடுகிறோம் என்று யாராவது எண்ணியிருக்கிறோமா. இதை ஹாலில், போர்டில், பதினாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும் ஐயா, டீக்கடையில் எனக்கு மட்டும் சொன்னால் எப்படி?

ஏழாவது வார லேப் பற்றி ஒரு வார்த்தை. ஓப்பன்ஃபாஸ்ட் என்ற இலவச சாஃப்ட்வேரில் டவர் தடிமனை மாற்றி மாற்றிப் போட்டுத் துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. சாஃப்ட்வேர் அருமை, ஆனால் பதினாலு பேருக்கு நாலு லேப்டாப், அதில் ஒன்று சார்ஜரைப் பிடுங்கினால் செத்துவிடும். சொந்த லேப்டாப் கொண்டுவந்த காலேஜ் பசங்கதான் பிழைத்தார்கள். கடைசி வாரம் துருவும் பெயின்ட்டும். அதில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒன்று: வெட்டிய விளிம்பு கூர்மையாக இருந்தால் பெயின்ட் அங்கே நிற்காமல் விலகிவிடும், 2 மில்லிமீட்டர் ரேடியஸுக்காவது உருட்டிவிட வேண்டும். சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு வாரம் களியும் கீரைக் கடைசலும் போட்டார்கள், அன்றைக்கு மத்தியான வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள்.

யார் போகலாம்? டிசைன் ஆபீஸில் இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், மூன்றாவது நாலாவது வாரத்திலேயே பணம் திரும்பிவிடும். வேலை தேடும் பசங்க போகலாம், ஆனால் சர்டிஃபிகேட்டை நம்பிப் போகாதீர்கள். என்னைப் போல ஷாப் வைத்திருப்பவர்கள், பணம் கட்டும் முன்னால் வெல்டு வகுப்பை யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரியவர் என்று சொன்னால் கட்டுங்கள். சொந்த லேப்டாப் எடுத்துப் போங்கள், சனிக்கிழமை ராத்திரி ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அந்த ஏணி ஆர்டரை எடுத்துக்கொண்டேன். காந்தத்தில் ஒட்டுகிற பிராக்கெட் முதல் செட் போன வாரம் முடிந்தது. எங்கள் வெல்டர் அண்ணன் டிராயிங்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய டவர்ல நமக்கு ஒரு இன்ச் வெல்டு கூட இல்லியா?" என்று கேட்டார். சர்டிஃபிகேட்டும் வந்தது. என் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருக்கிறார்கள், திருத்தித் தர 200 ரூபாயாம்.